மொட்டைத் தலையும் இரவல் ஹெல்மெட்டும்

நடுவர் என் ஹெல்மெட்டின் முகக்கம்பியை இரண்டு விரல்களால் பிடித்து, லேசாக வலப்பக்கம் திருப்பினார். ஹெல்மெட் திரும்பியது. என் தலை திரும்பவில்லை.

கண்ணுக்கு முன்னால் இருட்டு. காதுக்காக விட்டிருக்கும் ஓட்டை என் இடது கண்ணுக்கு நேராக வந்து நின்றது. அந்த ஓட்டையில் கொஞ்சம் வெயிலும், எல்லைக் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்ற என் மனைவி தேவகியும் தெரிந்தார்கள். அவள் எதற்கும் சிரிக்கக்கூடியவள். அன்று சிரிக்கவில்லை.

"இதோடு இவர் ஆட முடியாது. முகக்கம்பியைத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். அப்போதுதான் அது ஹெல்மெட்" என்று நடுவர் ஆங்கிலத்தில் கோச்சிடம் சொன்னார்.

பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற முனிரத்தினத்தின் முகக்கம்பியைப் பிடித்தார். அதுவும் திரும்பியது. அடுத்தவன், அதற்கடுத்தவன், கடைசியில் நின்றவன் என்று எங்கள் வரிசையின் ஐந்து தலைகளும் ஐந்து குடங்களுக்குள் கிடந்த எலுமிச்சம்பழங்கள் போல ஆடின. உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது.

புனேயிலிருந்து வந்திருந்த எங்கள் கோச் எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினோம். ஐந்து மொட்டைகள். கடைசியாகப் பயிற்சிக்கு வந்தபோது எல்லோர் தலையிலும் முடி இருந்தது.

"ஏன்?" என்றார்.

ஐந்து பேரின் வரிசை

தேதி கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் தேதிப் பைத்தியம்தான். எந்த ஊருக்குப் போனாலும் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாமியைப் பார்ப்பேன். ஆனால் இந்தச் சம்பவத்தில் எனக்கும் தேவகிக்கும் கிழமையிலேயே ஒத்துப்போகவில்லை. அவள் சனிக்கிழமை என்கிறாள். ஞாயிறு என்பது என் கட்சி. சித்தூர் ரோட்டில் ஜூஸ் கம்பெனி வாசல்களில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்ற பருவம் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்த திங்கட்கிழமைதான் எனக்கு முக்கியம்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் சத்தியவேடு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும். தேவகியின் அண்ணன் பேசி முடித்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். திருச்சானூரில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் அவள் உட்கார்ந்து சம்பாதித்ததில்தான் வீடு ஓடியது. நான் பயிற்சி, பயிற்சி என்று மைதானத்தில் கிடந்தேன். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். நம் நாட்டில் புதிதாகத் தொடங்கிய அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் ஆட்கள் திருப்பதியில் ஒரு தேர்வு ஆட்டம் நடத்தப்போகிறார்கள். அதில் என்னை எடுத்தால் நான் ஆட்டக்காரன். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை தொழிற்சாலை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

நான் நாகலாபுரம் பக்கத்துக்காரன். கல்லூரி நாள் முழுக்கக் கபடி. ரைடு வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து வீழ்த்துவதுதான் என் வேலை. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஆள் தேடி வந்தவர்கள் என் தோளையும் தொடையையும் பார்த்து, என்னை 'சென்டர்' என்ற இடத்தில் நிறுத்தினார்கள்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் சென்டர் குனிந்து பந்தைத் தரையில் பிடித்துக்கொள்வான். குரல் வந்ததும் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்பவனிடம் கொடுப்பான். கொடுத்த அதே மூச்சில், மூக்குக்கு நேராக நின்று பாயக் காத்திருக்கும் எதிரணி ஆளைத் தடுக்க வேண்டும். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். இந்த ஐந்து பேர்தான் வரிசை. பந்தை எறிபவனுக்கும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும்தான் கைதட்டல் கிடைக்கும். வரிசைக்காரன் பெயரை மைக்கில் சொன்னால் அவன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

என் தப்பு எப்போதும் ஒன்றுதான். பிடிப்பது. கபடியில் பிடித்தால் புள்ளி. இங்கே எதிராளியின் சட்டையைப் பிடித்தால் தண்டனை. தள்ளலாம், முட்டலாம், பிடிக்கக் கூடாது. என் கைகள் அதை மறக்க ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. முனிரத்தினம் என் இரண்டு கைகளையும் துண்டால் முன்பக்கம் கட்டிவிட்டு என்மேல் பாய்வான். இப்படித்தான் பழகினேன்.

என் நைனா ஒரே ஒரு தடவை பயிற்சி பார்க்க வந்தார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக வந்தவர், அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, "டேய் சம்பத்து, எல்லாரும் முன்னாடி பாத்துக்கினு ஓட்றான். நீ மட்டும் ஏன்டா குனிஞ்சிக்கினே கீற? எதையாவது தொலச்சிட்டியா?" என்று கேட்டார். அணியே விழுந்து விழுந்து சிரித்தது. பல மாதங்களுக்கு என் பெயர் 'தொலச்சவன்'.

முன்கூட்டியே கொடுத்தது

மொட்டை யோசனை முனிரத்தினத்துடையது.

அவன் வெதுருகுப்பம் பக்கத்துக்காரன். என் வலது தோளுக்குப் பக்கத்தில் நிற்பவன். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பான். ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் எங்களுக்கு விடுப்பு கொடுத்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லியிருந்தார். முனி அதிகாலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பாவா, கெளம்பு. மலைக்குப் போறோம். அஞ்சு பேரும் மொட்டை."

"வேண்டுதல் நடந்தப்புறம்தானே முடி குடுப்பாங்க?" என்று உள்ளேயிருந்து தேவகி கேட்டாள்.

"அது எல்லாரும் பண்றதுதான் வதினா. ஊரே அப்புறமா தர்றேன், அப்புறமா தர்றேன்னு சொல்லிக்கினு கீது. நாம முன்னாடியே குடுத்துட்டா ஆயன காதன லேடு. வாங்கிக்கினு இல்லன்னு சாமியால சொல்ல முடியுமா?"

தேவகி வாசலுக்கு வந்தாள். "பெருமாளுக்கே அட்வான்ஸ் குடுக்கறியா?"

"அதே."

அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்திருக்காது. பரீட்சை எழுதுகிறவன், லாரி வாங்குகிறவன், கேஸில் ஜாமீன் கேட்கிறவன் எல்லோரும் மலையேறி முடி கொடுக்கிற ஊர் இது. மொட்டை போட்டதால் ஒரு காரியம் கெட்டுப்போகும் என்று யோசிக்கவே எங்களுக்கு வராது.

மலையில் மொட்டை போடும் மண்டபமான கல்யாணகட்டாவில் தரை முழுக்க ஈரம். கால் விரலிடுக்கில் முடி ஒட்டிக்கொண்டது. எங்கள் ஐந்து பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த நாவிதர் எங்கள் கழுத்துகளைப் பார்த்துவிட்டு, "மீரு அன்னதம்முலா?" என்று கேட்டார். அண்ணன் தம்பிகளா என்று.

"லைன் அன்னா, லைன்" என்றான் முனி. அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. தலையைத் தண்ணீரால் தேய்த்துக் கீழே அழுத்தினார். நான் குனிந்துகொண்டேன். குனிவதில் எனக்குத்தான் நல்ல பயிற்சி ஆயிற்றே.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது உச்சி வெயில். தலையில் அப்பிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. நான்கு பக்கமும் மொட்டைகள். அந்தக் கூட்டத்தில் எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லட்டை நின்றபடியே தின்றுவிட்டுப் பஸ் ஏறினோம்.

முடி வளர்த்தவர்கள்

இதை எழுதும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பிற்பாடு, ஒரு காயத்தில் படுத்திருந்தபோது, இந்த ஆட்டத்தின் பழைய வரலாற்றைக் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளில் இதை ஆடியவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது. அதனால் தலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியை வளர்த்தார்களாம். ஆட்டப் பருவம் வருகிறது என்றால் மாதக்கணக்கில் முடி வெட்டாமல், காடாக வளர்த்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார்களாம். பிறகு தோலால் செய்த தொப்பி வந்தது. கடினமான ஓடுள்ள ஹெல்மெட் வந்தது அதற்கும் பின்னால்தான்.

அதைப் படித்த அன்று தேவகியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவங்க ஊர்ல மலை இல்ல போல" என்றாள்.

இந்தக் காலத்து நல்ல ஹெல்மெட்டுகளில் உள்ளே காற்றடைத்து இறுக்கிக்கொள்ளலாம். எங்களிடம் இருந்தவை எங்கோ யாரோ ஆடி முடித்துக் கழித்தவை. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டைகள் தேய்ந்திருந்தன. முடியோடு போட்டால் சரியாக இருந்தது. அந்த முடிதான் எங்களுக்கு மீதிப் பஞ்சு என்பது முடி போன பிறகுதான் தெரிந்தது.

சின்னத் தலை

மைதானத்துக்குத் திரும்புவோம்.

முனிதான் முதலில் வாயைத் திறந்தான். "சார், தலைக்குத் துண்டு கட்டிக்கினு மேல போட்டுக்கறோம்."

நடுவர் தலையாட்டி மறுத்தார். துண்டு நழுவினால் கழுத்து போய்விடும். அவர் சொன்னது சரி. இந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மறுநாள் தன் பெயரையே யோசித்துச் சொன்ன ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

கோச் அணியின் எல்லா ஹெல்மெட்டுகளையும் தரையில் பரப்பச் சொன்னார். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். முனியின் பெரிய ஹெல்மெட் சடை வளர்த்திருந்த ஒரு மாற்று ஆட்டக்காரனுக்குப் போனது. அவனுடையது முனிக்குப் பொருந்தியது. இப்படி ஆளுக்கு ஒரு அளவு இறங்க இறங்க, நான்கு மொட்டைகளுக்கு வழி பிறந்துவிட்டது. அணியிலேயே சின்னத் தலை எனக்குத்தான். எனக்குக் கீழே அளவு இல்லை.

"நீ உட்கார்" என்றார் கோச். குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதிலாக நிற்க ஒருவன் இருந்தான். அணியில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது.

லீக்கிலிருந்து வந்த மூன்று பேர் படிக்கட்டில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அன்று மாலையே ஊர் திரும்புகிறார்கள். நான் போய் எல்லைக் கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்தேன்.

தேவகி மேலே நின்றபடி கேட்டாள். "எதிர்ப்பக்கம் எத்தினி பேரு கீறாங்க மாமா?"

"ஏன்?"

"அவ்ளோ பேர்ல ஒருத்தனுக்குக் கூடவா உன்ன மாதிரி சின்னத் தலை இருக்காது? இங்க குந்திக்கினு இருந்தா எவன் கொண்டாந்து தருவான்? போய்க் கேளு."

"அவங்க எதுக்குத் தருவாங்க?"

"தரமாட்டேன்னா திரும்பி வா. திங்கக்கிழமை எங்கயும் போவல, அங்கயேதான் இருக்குது."

எழுந்தேன். மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிரணி பக்கம் நடந்தேன். நடுவர், படிக்கட்டுக்காரர்கள், இரண்டு அணிகள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. வெயிலில் என் தலை எப்படி மின்னியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்க முடிகிறது.

எதிரணி வட சென்னைக்காரர்கள். வெள்ளை ஹெல்மெட். அவர்களில் வினோத் என்பவன்தான் எனக்கு நேர் எதிரே நின்று என்மேல் பாயப்போகிறவன். கதவு மாதிரி இருப்பான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆட்களில் பாதிப் பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"இன்னா பா, மேட்சுக்கு வரச் சொன்னா மொட்டை போட்டுக்கினு வந்துக்கீற" என்றான் வினோத். பிறகு, "உனக்கு பதுலு எவன் நிப்பான்?" என்று கேட்டான்.

கை காட்டினேன். வினோத் அந்தப் புதியவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அவன தள்ளி நான் இன்னாத்த காட்றது? மேல குந்திக்கினு கீறவன் இதெல்லாம் ஒரு தள்ளான்னு கேப்பான். ஜாபரு, உன் ஹெல்மெட்ட கழட்டு."

ஜாபர் அவர்களுடைய கிக்கர். பந்தை உதைக்க மட்டும் உள்ளே வருபவன். மெலிந்த ஆள், சின்னத் தலை. அவனுக்கு இது பிடிக்கவில்லை. "நான் உதைக்க சொல்ல எத்த மாட்டிக்கறது?" என்றான்.

"நீ உதைக்க சொல்ல பந்து நம்ம கையில கீது. அவன் வெளிய நிப்பான். அவன் ஆட சொல்ல நீ வெளிய. ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள வர்றதே இல்லியே."

அவர்களுடைய கோச் ஆட்சேபித்தார். வினோத் அவரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ பேசினான். திரும்பி வந்து ஹெல்மெட்டை என் தலையில் அவனே மாட்டினான். முகக்கம்பியைப் பிடித்துத் திருப்பினான். என் நெற்றித் தோல் கூடவே நகர்ந்தது.

"செட்டாயிடுச்சு. இப்ப வா, உன்ன கவுக்கறேன்" என்றான்.

ஒரு ஹெல்மெட், இரண்டு தலை

இப்படித்தான் ஆட்டம் நடந்தது. பந்து எங்கள் கைக்கு வந்தால் ஹெல்மெட் எனக்கு. அவர்கள் கைக்குப் போனால் நான் குறுக்கே ஓடி ஜாபரிடம் கொடுப்பேன். அவன் பந்தை எங்கள் பக்கம் உதைத்து அனுப்பியதும், தன் அணியிடம் போகாமல் நேராக எங்கள் பக்கம் ஓடி வந்து கழற்றித் தருவான். இரண்டாவது தடவை கொடுக்கும்போது முகத்தைச் சுளித்தான்.

"பாய், என் தலை பூரா கோயில் வாசனை அடிக்குது. வீட்ல இன்னான்னு சொல்றது?"

நீல வரிசையில் என் ஒரு தலை மட்டும் வெள்ளை. ஒரு தடவை நான் கவிழ்ந்து விழுந்தபோது எதிரணிக்காரன் ஒருவன் தன் ஆள் என்று நினைத்துக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் கையை உதறினான்.

வினோத் சொன்னதைச் செய்தான். முதல் மோதலிலேயே என்னைப் பின்னால் சாய்த்து, என் மேலேயே நடந்து போனான். வாயில் மண்ணும் உப்பும். இரண்டாவதில் என் கைகள் தாமாக அவன் சட்டையைத் தேடின. விரல்களை மடக்கிக் கொண்டேன். மூன்றாவதில் அவன் வலது தோள் முன்னால் வருவதற்கு முன்பு இடது குதிகால் எழும்புகிறது என்று கவனித்தேன். ரைடு வருகிறவனின் காலையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது போதும். அதன் பிறகு அவன் கிளம்பும்போதெல்லாம் நான் அங்கே முதலில் இருந்தேன்.

பிற்பகல் முழுக்க அப்படியே போனது. சில தடவை அவன் என்னைத் தாண்டினான். பல தடவை தாண்டவில்லை. முட்டும்போது இருவருக்கும் மூச்சு நாறியது. இடையில் ஒரு முறை, "சாப்ட்டியா?" என்று கேட்டான். "லட்டு" என்றேன். "அதான் நவுர மாட்டேன்ற" என்றான்.

கடைசியில் எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிய நொடிகள்தான் இருந்தன. பந்தும் எங்களிடம். எங்கள் ஆள் எறிய வேண்டாத ஒரு பந்தை எறிந்தான். அதை அவர்கள் பிடித்துவிட்டார்கள், எங்கள் பக்கத்துக் கோல் கம்பங்களுக்கு மிக அருகில். இனி ஒரே ஒரு உதைதான் மிச்சம். அது கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, அவர்களுக்கு வெற்றி. ஜாபர் எல்லைக் கோட்டில் வெறுந்தலையோடு நின்றான். ஹெல்மெட் என் தலையில், நான் மைதானத்தின் அந்தக் கோடியில்.

"ஒரேய், ஷூ லேஸ் கட்டு. மெதுவா கட்டு" என்றான் முனி, உதடு அசையாமல்.

உதைக்க நடுவர் தரும் அவகாசம் மிகக் குறைவு. ஹெல்மெட் இல்லாமல் ஜாபர் உள்ளே வர முடியாது. நான் லேஸைப் பார்க்கவில்லை. ஓடினேன். ஓடும்போதே தாடைப் பட்டையை அவிழ்த்தேன். ஜாபரின் தலையில் நானே கவிழ்த்தேன். அவன் உள்ளே ஓடினான்.

பந்து சரியாக நடுவே போனது.

முனி துண்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை

லீக்கின் ஆட்கள் நான் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடியதைப் பார்த்தார்களா என்று பல வருடம் கழித்து அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் டீ வந்திருந்ததாம். பார்க்கவில்லை.

அவர்கள் பார்த்தது வேறு. இரண்டு வரிசைகளும் மோதித் தூசி எழும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று படிக்கட்டிலிருந்து தெரிவது கடினம். வெள்ளைத் தலை ஒன்று ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது என்று மட்டும் தெரிந்ததாம்.

சாயங்காலம் கோச் எங்களைப் புல்லில் உட்கார வைத்துத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார். எதிரணியில் வினோத். ஜாபர். எங்கள் வரிசையில் ஒரே பெயர், என்னுடையது. முனி தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு எழுந்து வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தான். வலித்தது.

"அஞ்சு பேரு முடியையும் வாங்கிக்கினு ஒருத்தனுக்குத்தான் குடுத்துருக்கார். போ. அஞ்சு பேருக்கும் சேத்து ஆடு" என்றான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வத்துரா, ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான்.

தேவகி கொஞ்சம் தள்ளிப் போய் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் முழங்காலில் ஐஸைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, திங்கக்கிழமை அவுரு வர மாட்டாரு... இல்ல, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது... வேற வேலை கெடச்சிருச்சுண்ணா."

என்ன வேலை என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். தேவகி என் பக்கம் திரும்பினாள். என் உதடு வீங்கியிருந்தது. கை இரண்டும் மண். அதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு எடத்துல நிக்கிற வேலை. எதுக்க எவன் வந்தாலும் உள்ள வுடாம நிக்கணும்."

அந்தப் பக்கம் அவர் கேட்டது எனக்கே கேட்டது. "செக்யூரிட்டியா?"

"அப்டியே வெச்சிக்கோண்ணா" என்றாள் தேவகி.

அந்த வேலையில் நான் நான்கு சீசன்கள் நின்றேன்.